கேட் புஷ் ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்?

#1 பாதசாரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேற்கத்திய இசையில் எனக்குப் பழக்கம் குறைவு. 2022-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் நான்காம் பருவத்தைப் பார்த்தபோதுதான் 'ரன்னிங் அப் தட் ஹில்' என்ற பாடலை முதன்முதலாகக் கேட்டேன். அந்தத் தொடருக்காகவே யாரோ இளம்பெண் பாடியது என்று நினைத்திருந்தேன். 1985-ஆம் ஆண்டுப் பாடல் என்று பிறகு தெரிந்தபோது வியப்பாக இருந்தது. பாடிய கேட் புஷ்ஷைப் பற்றித் தேடினால், கண்ணில் பட்ட கட்டுரைகள் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றன: பத்தொன்பது வயதில் புகழின் உச்சிக்குப் போனார், பிறகு வீட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டார், இடையில் 12 ஆண்டுகள் ஓர் ஆல்பமும் வெளியிடவில்லை, 35 ஆண்டுகள் முழுக் கச்சேரி எதுவும் செய்யவில்லை.

எனக்குள்ள ஐயம் இதுதான். இவ்வளவு காலம் ஒதுங்கியிருந்த ஒருவரை அந்தத் தொடர்தான் மீட்டெடுத்ததா? அது வராமல் போயிருந்தால் அவர் மறக்கப்பட்டிருப்பாரா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

#2 கருந்தட்டு எழுதியது:

பாதசாரி, நீங்கள் படித்த கட்டுரைகளில் ஆண்டுக்கணக்கு சரி. 'ஒடுங்கிக்கொண்டார்' என்ற சொல்தான் தவறு. அவர் தொடக்கத்திலிருந்தே காலத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளப் போராடியவர். அதைப் புரிந்துகொள்ள 1978-க்கு முன்னால் போக வேண்டும்.

1958 ஜூலை 30 அன்று கென்ட் பகுதியின் பெக்ஸ்லிஹீத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர், தாய் ஹன்னா, அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டிலிருந்து வந்த செவிலியர். வெல்லிங்கில் உள்ள ஈஸ்ட் விக்கம் பண்ணை என்னும் பழைய பண்ணை வீட்டில்தான் வளர்ந்தார். ஜான், பேடி என்று இரண்டு அண்ணன்கள். வீட்டில் அயர்லாந்து நாட்டுப்புறப் பாட்டும் வாத்தியங்களும் எப்போதும் இருந்தன. பதின்வயதைத் தொடும்போதே தானாகப் பியானோவில் மெட்டமைத்து எழுதத் தொடங்கிவிட்டார்.

குடும்ப நண்பர் ஒருவர் வழியாக அந்தப் பாடல்களின் ஒலிநாடா பிங்க் ஃப்ளாய்ட் ராக் இசைக்குழுவின் டேவிட் கில்மர் கைக்குப் போயிற்று. கில்மர் தன் சொந்தப் பணத்தைச் செலவழித்து, 1975-இல் லண்டனின் ஏர் ஒலிப்பதிவுக்கூடத்தில், ஆண்ட்ரூ பவல் என்பவரைத் தயாரிப்பாளராக அமர்த்தி, முறையாகச் சில பாடல்களைப் பதிவு செய்ய வைத்தார். அவற்றில் ஒன்றான 'தி மேன் வித் த சைல்ட் இன் ஹிஸ் ஐஸ்' பாடலில் நாம் இன்று கேட்பது அன்று பாடிய அதே பதினாறு வயதுக் குரல்தான். மூன்று ஆண்டுகள் கழித்து ஆல்பத்தில் சேர்த்தபோதும் அதை மாற்றவில்லை.

1976-இல் இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. ஆனால் உடனே ஆல்பம் வரவில்லை. அந்த இடைவெளியில் அவர் லின்ட்சே கெம்ப் என்னும் மைம் (பேச்சின்றி உடலசைவால் நடிக்கும்) கலைஞரிடம் வகுப்புகளுக்குப் போனார். 1977-இல் 'கேடி புஷ் பேண்ட்' என்ற பெயரில் தென்கிழக்கு லண்டனின் லூயிஷம் பக்கத்து மதுக்கூடங்களில் பாடினார். பதினெட்டு வயதுப் பெண்ணைக் காத்திருக்க விட்டார்கள், அவர் அந்தக் காத்திருப்பைப் பயிற்சியாக மாற்றிக்கொண்டார். பிற்காலத்து இடைவெளிகளுக்கெல்லாம் இதுவே முன்மாதிரி என்பது என் கருத்து.

இனி 'வுதரிங் ஹைட்ஸ்'. எமிலி பிராண்டியின் நாவலைத் தழுவிய தொலைக்காட்சி நாடகத்தின் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் காட்சி மனத்தில் தங்கி, 1977 மார்ச்சில் ஒரு பௌர்ணமி இரவில் எழுதிய பாட்டு அது. (எமிலி பிராண்டியும் ஜூலை 30 அன்று பிறந்தவர் என்பது கூடுதல் செய்தி.) நிறுவனம் முதல் சிங்கிளாக (தனியாக வெளிவரும் ஒற்றைப் பாடல் தட்டாக) 'ஜேம்ஸ் அண்ட் த கோல்ட் கன்' என்ற ராக் பாடலை வெளியிட விரும்பியது. இவர் விடாப்பிடியாக நின்று 'வுதரிங் ஹைட்ஸ்' தான் வர வேண்டும் என்றார். உறைக்கான படம் பிடிக்கவில்லை என்று சொன்னதால் 1977 நவம்பரில் வரவேண்டிய தட்டு 1978 ஜனவரி 20-க்குத் தள்ளிப்போனது. அந்தத் தாமதமும் நன்மையாகவே முடிந்தது. நவம்பரில் வந்திருந்தால் விங்ஸ் குழுவின் 'மல் ஆஃப் கின்டயர்' அலையில் அடிபட்டுப் போயிருக்கும். மார்ச்சில் ஆபா குழுவை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்து, நான்கு வாரங்கள் அங்கேயே நின்றது. தானே எழுதிய பாடலோடு பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

ஒப்பந்தமிட்டு முதல் தட்டையே வெளியிடாத ஒரு பெண் நிறுவனத்தின் மேலாளர்களிடம் 'இந்தப் பாட்டு, இந்த உறை' என்று பிடிவாதம் பிடித்து, அது சரி என்றும் நிரூபித்துவிட்டார் என்றால், பிறகு அவரை யாரால் அவசரப்படுத்த முடியும்?

#3 வாணி_தென்கிழக்கு எழுதியது:

கருந்தட்டு அண்ணா எழுதியதில் லூயிஷம் என்ற பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். இங்கே வசிக்கும் நமக்கு லூயிஷம் என்றால் சிவன் கோயில்தான். அந்தத் தெருக்களில் ஒரு மதுக்கூடத்தில் கேட் புஷ் பாடினார் என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 'வுதரிங் ஹைட்ஸ்' கேட்டுவிட்டுப் பலர் 'இவர் குரலே இப்படிக் கீச்சென்று இருக்குமோ' என்று முகம் சுளிப்பார்கள். அந்தக் குரல் கேத்தி என்ற பாத்திரத்தின் ஆவி சன்னலுக்கு வெளியே நின்று அழைக்கும் குரல், பாத்திரத்துக்காக ஏற்றுக்கொண்டது. 1986-இல் வந்த 'தி ஹோல் ஸ்டோரி' தொகுப்புக்காக அதே பாடலை அவர் மறுபடி பாடினார். அதில் குரல் தடித்து, கீழிறங்கி, பெண்ணின் குரலாக மாறியிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

#4 சுவரொலி எழுதியது:

நான் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கேட் புஷ் காலம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் கேட்பவர்கள் அவர் எந்தக் கருவியில் பாட்டு எழுதினார் என்பதைக் கவனிப்பதில்லை.

முதல் இரண்டு ஆல்பங்களான 'தி கிக் இன்சைட்', 'லயன்ஹார்ட்' இரண்டும் 1978-இலேயே, ஒன்பது மாத இடைவெளியில், வந்துவிட்டன. இரண்டாவதை அவசரத்தில் செய்ய வேண்டியிருந்தது என்பது அதைக் கேட்டாலே தெரியும். பெரும்பாலும் பழைய பாடல்களைத் தூசி தட்டி எடுத்தவைதான். அதற்குப் பிறகு பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் துணைக்குரல் பாடப் போன இடத்தில் ஃபேர்லைட் சிஎம்ஐ என்ற கருவியைப் பார்த்தார். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான கணினி வாத்தியம் அது. வெளியுலகத்தின் எந்த ஓசையையும் பதிந்து, விசைப்பலகையில் சுரமாக வாசிக்கலாம். 'பாபூஷ்கா' பாடலின் முடிவில் கேட்கும் கண்ணாடி நொறுங்கும் ஓசை அப்படி வந்ததுதான். அந்தப் பாடல் இடம்பெற்ற 'நெவர் ஃபார் எவர்' 1980 செப்டம்பரில் முதலிடத்தில் நுழைந்தது. பிரிட்டனைச் சேர்ந்த தனிப்பாடகி ஒருவரின் ஆல்பம் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை.

பியானோவில் எழுதுகிறவர் ராகத்தையும் சொல்லையும் எழுதுவார். பக்கவாத்தியக்காரர்களும் தயாரிப்பாளரும் மற்றதை நிரப்புவார்கள். ஃபேர்லைட்டில் எழுதுகிறவருக்கு ஓசையே பாட்டின் உறுப்பு. ஆகவே எழுதுவது, பதிவது, தயாரிப்பது என்ற மூன்று வேலைகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 1982-இல் வந்த 'தி ட்ரீமிங்' அவரே தனியாகத் தயாரித்த முதல் ஆல்பம். அடுக்கடுக்கான குரல்கள், முரட்டுத் தாளங்கள், கத்தல்கள். மூன்றாம் இடம் வரை போனாலும் முந்தையவற்றைப் போல விற்கவில்லை. வெவ்வேறு கூடங்களில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் செய்த வேலை அது. வாடகைக் கூடத்தில் அமர்ந்து ஓர் ஓசையைத் தேடுவது எவ்வளவு கொடுமை என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். சுவரிலிருக்கும் கடிகாரம்தான் தாளம் போடும்.

அதற்கு அவர் கண்ட தீர்வு எளியது. 1983-இல், தான் வளர்ந்த பண்ணையிலேயே, களஞ்சியக் கட்டடத்தை முழு ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றிக்கொண்டார். அதன் பிறகு கடிகாரம் அவருடையது. 'ரன்னிங் அப் தட் ஹில்' அந்த ஆண்டின் கோடையில் வீட்டில் எட்டுத் தடக் கருவியில் மாதிரியாகப் பதிவானது. அவருடைய அப்போதைய துணைவரும் பேஸ் கிதார் கலைஞருமான டெல் பாமர் லின் டிரம் என்ற மின்னணுத் தாளப் பெட்டியில் தாளத்தை அமைத்துக் கொடுக்க, இவர் ஃபேர்லைட்டின் செல்லோ ஓசையில் அந்த மைய இசைத்தொடரை வாசித்தார். நீங்கள் தொடரில் கேட்ட அந்த ஏங்கும் ஓசை அதுதான், பாதசாரி. மாதிரிப் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்காமல் அதன் மேலேயே கட்டி எழுப்பினார்கள்.

'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' 1985 செப்டம்பரில் வந்து மடோனாவின் 'லைக் எ வெர்ஜின்' ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது. முதல் பக்கத்தில் ஐந்து பாடல்கள். நான்கு சிங்கிள்களாக வந்தன. இரண்டாம் பக்கம் முழுவதும் 'தி நைன்த் வேவ்' என்ற ஒரே கதை: இரவுக் கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண், விடியும் வரை தூங்கிவிடாமல் இருக்கப் போராடுகிறாள். வானொலிக்கு ஏற்றதை ஒரு பக்கத்திலும் வானொலியே தொடாததை மறுபக்கத்திலும் வைத்து இரண்டையும் ஒரே உறையில் விற்ற அந்தத் துணிவை இன்று நினைத்தாலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

#5 எதிர்வரி எழுதியது:

மேலே எழுதியவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் மறுபக்கத்தை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கும் அவர் பாடல்கள் பிடிக்கும். ஆனால் 'கால அவகாசமும் கட்டுப்பாடும் கிடைத்தால் படைப்பு சிறக்கும்' என்ற முடிவை அவர் வாழ்க்கையிலிருந்து எடுக்க முடியாது.

'தி ரெட் ஷூஸ்' 1993-இல் வந்தது. முந்தைய 'தி சென்சுவல் வேர்ல்ட்' வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, சொந்தக் கூடம் இருந்தது, பணம் இருந்தது. பிரின்ஸ், எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக் என்று விருந்தினர் பட்டியலும் நீண்டது. இருந்தும் அது ஊர் கூடிச் சமைத்த சாப்பாடு போலத்தான் இருக்கிறது. எந்தக் கை உப்புப் போட்டது என்று தெரியவில்லை. கூடவே அவரே எழுதி இயக்கி நடித்த குறும்படம் ஒன்றும் வந்தது. அதில் தனக்கு நிறைவில்லை என்பதை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

பிறகு 2011-இல் 'டைரக்டர்ஸ் கட்'. அந்த இரண்டு ஆல்பங்களிலிருந்து பதினொரு பாடல்களை எடுத்து, குரலை மாற்றி, முரசை மாற்றி, சிலவற்றை முழுவதுமாக மறுபடி பதிந்தார். மைக்கேல் கேமன் அமைத்த இசைக்குழுவோடு பொங்கி எழுந்த 'மொமென்ட்ஸ் ஆஃப் பிளெஷர்' வெறும் பியானோவாகச் சுருங்கி, பல்லவி வெறும் முணுமுணுப்பாகிவிட்டது. விற்று முடிந்து, கேட்பவர்களின் நினைவில் பதிந்துவிட்ட பாடலை ஒருவர் பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் திருத்துகிறார் என்றால், அது கட்டுப்பாடா, விட முடியாத பிணியா? காலக்கெடு இல்லாதவனுக்கு வேலை முடிவதே இல்லை. சுவரொலி ஐயா, உங்கள் தொழிலில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

#6 சுவரொலி எழுதியது:

பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் 'டைரக்டர்ஸ் கட்' குறித்து ஒரு தொழில்நுட்பச் செய்தி உண்டு. 'தி ரெட் ஷூஸ்' டிஜிட்டல் முறையில் பதிவானது. அதன் கூர்மையான, தட்டையான ஒலி அவருக்கே பிடிக்காமல் போயிற்று. மறுபதிவில் அனலாக் நாடாவின் கதகதப்பை மீட்க முயன்றார். அது நியாயமான காரணம்தான். 'மொமென்ட்ஸ் ஆஃப் பிளெஷர்' விஷயத்தில் உங்கள் பக்கமே நிற்கிறேன். எனக்கும் பழையதுதான் பிடிக்கும்.

#7 வாணி_தென்கிழக்கு எழுதியது:

எதிர்வரி, நீங்கள் 'தி ரெட் ஷூஸ்' பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் கூட வாசித்த கிதார் கலைஞர் ஆலன் மர்ஃபி 1989-இல் இறந்தார். தாய் ஹன்னா 1992-இல் இறந்தார். டெல் பாமருடனான நீண்ட கால உறவும் ஏறக்குறைய அதே காலத்தில் முடிவுக்கு வந்தது. ஆனாலும் பாமர் அதற்குப் பிறகும் அவருடைய ஒலிப்பொறியாளராகத் தொடர்ந்தார் என்பது எனக்கு எப்போதும் மரியாதை தோற்றுவிக்கும் செய்தி. அந்த ஆல்பம் ஏன் சிதறிக் கிடக்கிறது என்று கேட்டால், தாயை இழந்த வீட்டில் பொருள்கள் எப்படி ஒழுங்காக இருக்கும் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

அதன் பிறகு 12 ஆண்டுகள். அந்தக் காலத்தில்தான் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவரைப் பற்றிப் பேய்க்கதை போல எழுதின. உண்மையில் என்ன? 1998-இல் மகன் ஆல்பர்ட் பிறந்தான். அவனை அவரே பார்த்து வளர்த்தார். அந்தச் செய்தியே 2000-ஆம் ஆண்டில் பீட்டர் கேப்ரியல் வாய்தவறிச் சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. ஓர் ஆண் பாடகர் பன்னிரண்டு ஆண்டுகள் ஆல்பம் வெளியிடாவிட்டால் 'ஓய்வில் இருக்கிறார்' என்பார்கள். ஒரு தாய் பிள்ளை வளர்த்தால் 'மாளிகையில் பூட்டிக்கொண்டார்' என்று எழுதுவார்கள்.

2005-இல் 'ஏரியல்' இரட்டை ஆல்பமாக வந்தபோது அதில் மகனைப் பற்றி ஒரு பாட்டு, துணி துவைக்கும் இயந்திரத்தை மையமாக வைத்து ஒரு பாட்டு, பை என்னும் கணித எண்ணின் இலக்கங்களைப் பாடும் ஒரு பாட்டு. இரண்டாவது தட்டு ஒரு பிற்பகலில் தொடங்கி, இரவைக் கடந்து, பறவைகள் கூவும் விடியலில் முடிகிறது. வீட்டுக்குள் இருந்தவர் வீட்டையே பாட்டாக்கியிருக்கிறார். என் கணக்கில் அவருடைய சிறந்த படைப்பு அதுதான். 'ஹவுண்ட்ஸ்' அன்பர்கள் சண்டைக்கு வரட்டும்.

#8 பாதசாரி எழுதியது:

மிக்க நன்றி. மேடையைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. 1979-இல் ஒருவர் விபத்தில் இறந்ததால்தான் அவர் கச்சேரியை விட்டுவிட்டார் என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா?

#9 கருந்தட்டு எழுதியது:

விபத்து உண்மை. அதுதான் காரணம் என்பது கட்டுரையாளர்கள் போட்ட முடிச்சு.

1979-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணம் வெறும் கச்சேரி இல்லை. நடனம், மைம், மந்திர வித்தை, உடைமாற்றம் எல்லாம் கலந்த நாடகம். ஆடிக்கொண்டே பாட வேண்டும் என்பதால் கையில் பிடிக்கும் ஒலிவாங்கி உதவாது. துணி மாட்டும் கம்பியை வளைத்துத் தலையில் மாட்டும் ஒலிவாங்கி செய்து கொடுத்தார்கள். இன்று எல்லா மேடைகளிலும் பார்க்கும் அத்தகைய ஒலிவாங்கிக்கு அது ஒரு முன்னோடி. பூல் நகரில் முன்னோட்டக் காட்சி முடிந்த இரவில், விளக்கமைப்பில் பணியாற்றிய பில் டஃபீல்ட் என்ற இளைஞர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 21. சுற்றுப்பயணத்தை நிறுத்தவில்லை, ஆறு வாரங்கள் நடந்தது. மே 12 அன்று ஹாமர்ஸ்மித் ஓடியனில் டஃபீல்டின் குடும்பத்துக்காகக் கேப்ரியலும் ஸ்டீவ் ஹார்லியும் உடன் பாட ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். 'நெவர் ஃபார் எவர்' ஆல்பத்தில் டஃபீல்டுக்காக ஒரு பாட்டு இருக்கிறது; விபத்து நடந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து 'மொமென்ட்ஸ் ஆஃப் பிளெஷர்' பாடலிலும் அவர் பெயரைச் சொல்லி அழைக்கிறார். மறக்கவில்லை என்பது தெளிவு. ஆனால் அச்சத்தால் மேடையை விட்டவர் விபத்துக்கு மறுநாளே மேடையேறியிருக்க மாட்டார். சுவரொலி சொன்ன அந்தக் கூடத்து வேலைதான் அவரை முழுவதும் விழுங்கிக்கொண்டது என்று நான் எண்ணுகிறேன்.

மீண்டும் மேடையேறியது 2014-இல், அதே ஹாமர்ஸ்மித் அரங்கில், 'பிஃபோர் த டான்' என்ற பெயரில் 22 இரவுகள். சீட்டுகள் 15 நிமிடங்களில் தீர்ந்தன. 'தி நைன்த் வேவ்' கதையை முழுதாக நடித்துக் காட்டினார். மகனும் மேடையில் இருந்தான். அலைபேசியில் படம் பிடிக்காமல் நேரில் பாருங்கள் என்று முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். அந்த ஆகஸ்டில் அவருடைய எட்டு ஆல்பங்கள் ஒரே நேரத்தில் பிரிட்டனின் முதல் நாற்பதுக்குள் இருந்தன. வேறெந்தப் பெண் கலைஞரும் அதுவரை அதைச் செய்ததில்லை. நீங்கள் கேட்ட 'மறக்கப்பட்டிருப்பாரா' என்ற கேள்விக்கு, தொடரின் நான்காம் பருவம் வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே விடை வந்துவிட்டது.

#10 எதிர்வரி எழுதியது:

அது பிரிட்டனுக்குச் சரி. அமெரிக்காவில் 1985-இல் 'ரன்னிங் அப் தட் ஹில்' 30-ஆம் இடத்தோடு நின்றது. 2022-இல் மூன்றாம் இடத்துக்குப் போனது. அந்தத் தொடர் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

#11 கருந்தட்டு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனிலும் 1985-இல் மூன்றாம் இடம் வரைதான் வந்தது. 2022 ஜூன் 17 அன்றுதான் முதலிடம். அங்கும் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய பாடல்கள் தரவரிசையை அடைத்துக்கொள்ளாமல் இருக்க, அவை இணையத்தில் ஒலிக்கும் எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிடும் விதி ஒன்று பிரிட்டனில் உண்டு. அதனால் உண்மையில் ஹாரி ஸ்டைல்ஸின் பாடலை விட அதிகம் கேட்கப்பட்டும் இவர் பாடல் கீழே நின்றது. பிறகு விதிவிலக்கு அளித்தார்கள். 37 ஆண்டுகளாகப் படியேறிய பாட்டு. இரண்டு முதலிடங்களுக்கு நடுவே 44 ஆண்டுகள். முதலிடம் பெற்ற பெண்களில் மூத்தவராக, 63 வயதில், அமெரிக்கப் பாடகி ஷெர் வைத்திருந்த சாதனையை முறியடித்தார்.

ஆனால் அந்தப் பாடல் இருந்ததே அவர் பிடிவாதத்தால்தான். 1985-இல் நிறுவனம் 'கிளவுட்பஸ்டிங்' பாடலை முதல் சிங்கிளாக வெளியிட எண்ணியது. இவர்தான் 'ரன்னிங்' வேண்டும் என்றார். ஒரே ஒரு விட்டுக்கொடுத்தல்: பாடலுக்கு அவர் வைத்த பெயர் 'எ டீல் வித் காட்'. கடவுள் பெயரைப் பார்த்ததும் இத்தாலி, அயர்லாந்து போன்ற நாடுகளின் வானொலிகள் ஒதுக்கிவிடும் என்று நிறுவனம் அஞ்சியதால் பெயரை மாற்றி, பழையதை அடைப்புக்குறிக்குள் போட்டார்.

#12 வாணி_தென்கிழக்கு எழுதியது:

விட்டுக்கொடுத்தல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 'தி சென்சுவல் வேர்ல்ட்' பாடலுக்கு ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலில் மாலி புளூம் என்ற பாத்திரம் பேசும் இறுதிப் பகுதியையே வரிகளாகப் பயன்படுத்த விரும்பினார். ஜாய்ஸின் உரிமைதாரர்கள் மறுத்துவிட்டார்கள். அதே சாயலில் சொந்த வரிகளை எழுதி 1989-இல் வெளியிட்டார். எதிர்வரி குறை சொன்ன அந்த 2011 மறுபதிவு வேலையின்போது மறுபடி கேட்டார். இம்முறை இசைவு கிடைத்தது. 'ஃபிளவர் ஆஃப் த மவுண்டன்' என்ற பெயரில் ஜாய்ஸின் சொற்களோடு அந்தப் பாட்டு வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரே கதவை மறுபடி தட்டியிருக்கிறார்.

#13 எதிர்வரி எழுதியது:

அந்த ஒரு பாட்டுக்காக 'டைரக்டர்ஸ் கட்'டை மன்னிக்கிறேன். மற்ற பத்துக்கும் இல்லை.

#14 பாதசாரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்றிரவு 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' முழுவதையும் கேட்கப் போகிறேன்.

#15 சுவரொலி எழுதியது:

செயலியில் கேட்பதானால் பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தானை முதலில் அணைத்துவிடுங்கள். 'தி நைன்த் வேவ்' பகுதியின் ஏழு பாடல்களும் வரிசை மாறினால் அந்தப் பெண் கரை சேர மாட்டாள்.